உப்பு பார்க்கும் வேலை

எங்கள் கிச்சனில் ஒரு வழக்கம் உண்டு. சமையல் முடிந்து அண்டாக்களை வண்டியில் ஏற்றும் முன் மாஸ்டர் வந்து ஒவ்வொன்றிலும் உப்பு பார்க்க வேண்டும். கரண்டியில் கொஞ்சம் எடுத்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டு, நக்கிப் பார்த்து, ‘ஏத்து’ என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வராமல் யாரும் அண்டாவின் காதைத் தொட மாட்டார்கள். வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்து உயிரை வாங்கினாலும் சரி, கம்பெனியில் சாப்பாட்டு மணி அடித்துவிட்டாலும் சரி. பல வருஷம் அந்தச் சொல்லைச் சொன்னவர் என் வீட்டுக்காரர்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் நாலைந்து கம்பெனிகளுக்கு மத்தியானச் சாப்பாடு போடும் கான்ட்ராக்டர் ஒருவரின் கிச்சன் அது. என் வீட்டுக்காரர் மாஸ்டர். நான் காய் நறுக்குவேன், மசாலா அரைப்பேன், பொரியல் கிளறுவேன். விடிந்ததும் நெமிலிச்சேரியில் ரயில் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்கி இரண்டு பேரும் நடந்து போவோம். வீட்டில் புருஷன் பெண்டாட்டி, கிச்சனில் மாஸ்டர், ஹெல்பர். கிச்சனில் என்னை ஒருநாள்கூட ‘எங்க ஊட்டம்மா’ என்று சொன்னதில்லை. ‘யம்மா, வெங்காயம்’ என்பார், அவ்வளவுதான். எனக்கு ஆத்திரமாக வரும். சாயங்காலம் ரயிலில் அதற்கும் சேர்த்துச் சண்டை போடுவேன். எங்களுக்குப் பிள்ளை இல்லை. சண்டை போடவும் சமாதானம் ஆகவும் நாங்கள் இருவர்தான்.

ஊரெல்லாம் அந்த நோய் வந்து வாட்டிய இரண்டாவது கோடையில் எங்கள் இருவருக்கும் ஒன்றாகக் காய்ச்சல் வந்தது. எனக்கு இறங்கியது, அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, படுக்கையில் போட்டிருந்த சட்டையைக் கழற்றிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிட்டு நல்ல சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

“ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு இன்னாத்துக்கு நல்ல சட்ட?” என்றேன்.

“பெரிய பெரிய டாக்டருங்கள்லாம் இருப்பாங்க. பரதேசி மாதிரியா போவ சொல்ற?” என்றார்.

அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அதன் பிறகு போன்தான் வந்தது. முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்க முடியவில்லை. அந்த நாட்களில் எல்லோருக்கும் அப்படித்தான் நடந்தது, எனக்கு மட்டும் தனியாக ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் மனசு அதைக் கேட்குமா என்ன.

எல்லாம் முடிந்து ஒரு வாரம் கழித்து ஆணியில் இருந்த சட்டையை எடுத்து முகத்தில் வைத்து அழுத்தினேன். பெருங்காயமும் வியர்வையும் அவர் அக்குளில் அப்பிக்கொள்ளும் பவுடரும் கலந்து அவருக்கென்று ஒரு வாசனை உண்டு. துவைத்தாலும் போகாது. அதனாலேயே எத்தனையோ நாள் அவரைத் திட்டியிருக்கிறேன். அன்று ஒன்றுமே வரவில்லை. துணியை மூக்கில் தேய்த்தேன், காலரைக் கசக்கினேன். வெறும் பேப்பரை முகர்வது போல இருந்தது. அடுப்படிக்கு ஓடிப் பெருங்காய டப்பாவைத் திறந்தேன். அதிலும் வாசனை இல்லை. அப்போதுதான், போனது அவர் மட்டும் இல்லை, என் மூக்கும்தான் என்று தெரிந்தது. நாக்கும் முக்கால்வாசி போயிருந்தது. உப்பு என்றால் நுனியில் லேசாக ஒரு கடி, அவ்வளவுதான்.

ஆவடியில் நான் பார்த்த டாக்டர், “வந்துடும்மா, சில பேருக்குக் கொஞ்ச மாசம் ஆகும்” என்றார். வீட்டுக்கு வந்து அந்தச் சட்டையை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு இறுக்கி முடிச்சுப் போட்டேன். மேலே இன்னொரு கவர், அதற்கும் முடிச்சு. பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். மூக்கு திரும்பி வரட்டும், அதுவரை வாசனை வெளியே போகக் கூடாது. எனக்கு அப்போது வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். மூக்கு வர வேண்டும், வந்ததும் கவரைப் பிரிக்க வேண்டும், ஒரே ஒருமுறை அவர் எனக்கு வேண்டும்.

கம்பெனிகள் மறுபடி திறந்ததும் கான்ட்ராக்டர் கூப்பிட்டனுப்பினார். “வெளியிலேர்ந்து ஒரு மாஸ்டரக் கொண்டாந்தா ருசி மாறிடும்மா. அவரு கைப்பக்குவம் தெரிஞ்சவ நீதான். இனிமே கிச்சன் உன் பொறுப்பு” என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். மூக்கு போன விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். அந்த வீட்டில் பகல் முழுக்கத் தனியாக உட்கார்ந்திருக்க முடியாது என்பது இன்னொரு பக்கம்.

பொறுப்பு என்று தலையில் வைத்ததும் எனக்குப் பேய் பிடித்துவிட்டது. எல்லாவற்றையும் நானே செய்தேன். காயை நானே பொறுக்கி, நானே கழுவி, நானே நறுக்கினேன். பருப்பை நான் வேக வைத்தேன், வண்டிக்காரருக்கு நான் போன் செய்தேன், பாத்திரம் தேய்த்ததைத் திரும்ப நான் தேய்த்தேன். சோறு வடிக்கும் அண்ணன் ஒருவர் இருந்தார், என் வீட்டுக்காரரைவிட மூத்தவர். அவர் வடிக்கும் சோற்றையே எட்டிப் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம் வேகணும்’ என்பேன். பாவம், அவர் வாயைத் திறக்க மாட்டார். இன்னொருத்தி இருந்தாள், எங்கள் ஊர்க்காரி, தினமும் என்னோடு அதே ரயிலில் வருகிறவள். என்னைவிடச் சின்னவள், வாய் மட்டும் பெரிசு. அவளிடம் கரண்டியைக் கொடுத்துவிட்டு நான் பக்கத்திலேயே நின்று, ‘அப்படிக் கிளறாத, இப்படிக் கிளறு’ என்பேன். கடைசியில் பிடுங்கி நானே கிளறுவேன்.

ஒருநாள் அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். “ஏன்கா, நாங்கள்லாம் இன்னாத்துக்கு வந்துகினு கீறோம்? ஊட்லயே குந்திகினு கீறோமே, நீயே ஆக்கி நீயே கொட்டிக்க.”

கான்ட்ராக்டர் காதிலும் இது விழுந்திருக்கிறது. ஒரு நாள் என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, “உனக்கு வேல செய்யத் தெரியுதும்மா, வேல வாங்கத் தெரியல. நீ இப்ப ஹெல்பர் இல்ல” என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. அவருக்கு என்ன தெரியும்? கையை ஒரு நிமிஷம் சும்மா வைத்தால் எனக்கு அழுகை வந்துவிடும். அடுப்படியில் நிற்கிறவள் அழுதால் புகை என்று நினைப்பார்கள். வாசலில் நின்று அழுதால் என்னவென்று சொல்வது?

ஆனாலும் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக விட்டுக் கொடுத்தேன். சோற்றுப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்தேன். காய் வாங்கும் வேலையை அண்ணனிடம் கொடுத்தேன், பொரியலை அவளிடம் கொடுத்தேன். அவள் என்னைவிடப் பெரிசாக நறுக்கினாள். பார்த்தால் வாய் சும்மா இருக்காது என்று தலையைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். நாளாக நாளாக அது கூடப் பழகிவிட்டது. உப்பு பார்ப்பதை மட்டும் யாரிடமும் கொடுக்கவில்லை. அது அவருடைய வேலை. அதைக் கொடுத்தால் அவரையே கொடுத்த மாதிரி என்று எனக்குள் ஒரு வீம்பு.

எப்படிச் சமாளித்தேன் என்று கேட்கலாம். அவர் கை அளவு எனக்குத் தெரியும். இவ்வளவு பருப்புக்கு இத்தனை பிடி. சாம்பாரை நிறத்தில் பார்ப்பேன், ரசத்தை நுரையில் பார்ப்பேன், தாளிப்பைக் காதால் கேட்பேன். பிறகு எல்லோருக்கும் தெரிகிற மாதிரி புறங்கையில் சொட்டு விட்டு, நக்கி, கண்ணை லேசாக மூடி, ‘ஏத்து’ என்பேன். கம்பெனியிலிருந்து ஒரு புகாரும் வரவில்லை. அவர் கை எனக்கு வந்துவிட்டது என்று மனசுக்குள் பூரித்துப்போனேன். மூக்கு இல்லாத எனக்குக் கோபம் மட்டும் எப்படி மூக்கு மேலேயே இருக்கிறது என்று தனியாகச் சிரித்துக்கொள்வேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். எஸ்டேட் கேன்டீனில் மாதக்கணக்கில் ஒரு புகார்கூட வராமல் இருக்குமா? என் வீட்டுக்காரர் இருந்தபோதே வாரம் ஒருவன், ‘குழம்பு சப்புனு கீது’ என்று சொல்லியனுப்புவான். இந்த நினைப்பு ஒருநாள் வந்து உட்கார்ந்ததும் என்னால் தூங்க முடியவில்லை. மறுநாள் வேண்டுமென்றே ரசத்தில் உப்பு போடாமல் விட்டேன். ஒரு கல்லுகூடப் போடவில்லை. கொத்தமல்லி தூவி மூடிவிட்டு, வண்டிக்காரரிடம் பேசுவது போல வெளியே போய்த் திரும்பி வந்து, கரண்டியை எடுத்துப் புறங்கையில் விட்டு நக்கினேன்.

நாக்கு நுனியில் லேசாக ஒரு கடி.

கரண்டியைத் தரையில் எறிந்தேன். “யார்ரீ இதுல உப்பு போட்டது?”

அவள் கரண்டியை எடுத்துக் கழுவி வைத்தாள். சோற்று அண்ணன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

“நான்தான்கா” என்றாள் அவள்.

“எத்தினி நாளா?”

“மொத வாரத்துலேர்ந்து. பருப்பு அடி புடிச்சி கிச்சன் ஃபுல்லா நாறுது, நீ பக்கத்துலயே நின்னுகினு கீற, ஒண்ணும் சொல்லல. அப்பவே தெரிஞ்சி போச்சிக்கா. அண்ணாத்ததான் சொன்னாரு, அவள ஒண்ணும் கேக்காத, நம்மளே பாத்துக்கலாம்னு.”

“அப்போ தெனமும் நான் ஏத்துன்னு சொல்றது?”

அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். சோற்று அண்ணன்தான் மெதுவாகச் சொன்னார். “நீ சொன்னாதான்மா எங்களுக்குத் தூக்க மனசு வரும். அவரு சொன்ன மாதிரி கீது.”

எல்லோரும் சேர்ந்து என்னைக் குழந்தை மாதிரி ஏமாற்றியிருக்கிறார்கள். அன்பால்தான் ஏமாற்றினார்கள், அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த நேரத்தில் அன்பும் அவமானமும் ஒன்றாகத்தான் எரிந்தன. நான் பூரித்துப்போன அந்தக் கை அவருடையதும் இல்லை, என்னுடையதும் இல்லை. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அன்று முதல் முறையாக யாரும் சொல்லாமலே அண்டாக்கள் வண்டியில் ஏறின.

சாயங்காலம் ரயிலில் அவள் எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அண்ணனூரில் ஷெட்டுக்குப் போகிற காலி ரயில்கள் வரிசையாக நின்றன. அங்கே வந்தால் என் வீட்டுக்காரர் தினமும், ‘பாரு, இதுங்களுக்கு மட்டும் சீக்கிரமா வேல முடிஞ்சி போச்சி’ என்பார். எனக்குக் கண்ணீர் நிற்கவில்லை. அவள் எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அக்கா, மன்னிச்சிக்கோ. பொய் சொல்லணும்னு இல்ல.”

“நாளைலேர்ந்து நீயே உப்பு பாரு” என்றேன். “என் முன்னாடியே பாரு. இருக்கறது இருக்குன்னு சொல்லு, இல்லாதது இல்லன்னு சொல்லு. எனக்கு மனசு கஷ்டப்படும்னு இன்னொரு தபா பொய் சொன்ன, காலுல கெடக்கறத கழட்டி அடிப்பேன்.”

“அடி” என்றாள். “நீ அடிக்காம இருந்தாதான் எனக்குப் பயமா கீது.”

அப்படித்தான் உப்பு பார்க்கும் வேலையைக் கொடுத்தேன். முழுசாகக் கொடுத்தேன் என்று சொல்ல முடியாது. அவள் நக்கிப் பார்த்து, ‘சரியா கீதுக்கா’ என்பாள். அதற்குப் பிறகு நான், ‘ஏத்து’ என்பேன். அந்தச் சொல்லை மட்டும் விட மனசு வரவில்லை. மூக்கு வந்துவிட்டால் எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு நப்பாசையும் இருந்தது. காலையில் எழுந்ததும் காப்பித் தூளை முகர்வேன், கிராம்பை முகர்வேன், எலுமிச்சம்பழத்தைக் கிள்ளி முகர்வேன். பீரோவைத் திறந்து கவர் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு மூடுவேன். பிரிக்க மாட்டேன்.

மாசங்கள் போய் வருஷங்கள் ஆயின. போன தடவை ஆவடிக்குப் போனபோது அதே டாக்டர் என் முகத்தைப் பார்க்காமல், “இத்தனை நாள் வரலேன்னா இனிமே சந்தேகம்தாம்மா” என்றார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் பீரோவைத் திறந்தேன். கை பட்டதும் மேல் கவர் பொரிந்து உதிர்ந்தது. பழைய பிளாஸ்டிக் இல்லையா, அப்பளம் மாதிரி நொறுங்கிப் புடவையெல்லாம் ஒட்டிக்கொண்டது. உள் கவரிலும் நீளமாக ஒரு கிழிசல். எத்தனை நாளாக அப்படி இருக்கிறதோ, தெரியவில்லை. நான் அந்தக் கிழிசலைக் கையால் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கையால் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டேன்.

ஈரத் தலையோடு ஓடி வந்தாள். “இன்னாக்கா, உடம்புக்கு இன்னா?”

நான் சட்டையை அவள் மடியில் வைத்தேன். என்ன விஷயம் என்று சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு அவர் வாசனை தெரியும். பல வருஷம் அதே அடுப்படியில் அவர் பக்கத்தில் நின்றவள்.

“எனக்கு மூக்கு இல்ல. எனக்கோசரம் நீ மோந்து பாத்துச் சொல்லு. கீறாரான்னு சொல்லு.”

அவள் முகம் மாறிவிட்டது. “இது வோணாம்கா” என்றாள்.

“கிச்சன்ல எப்படிச் சொல்லுவியோ அப்படிச் சொல்லு. நான் கேக்கறேன்ல.”

அவள் சட்டையை இரண்டு கையாலும் எடுத்து முகத்தில் வைத்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் காலரைப் புரட்டி முகர்ந்தாள். இரண்டு அக்குளையும் முகர்ந்தாள். கையை மடித்துவிட்ட இடத்தைப் பிரித்து முகர்ந்தாள். ஒவ்வொரு அண்டாவாக உப்பு பார்க்கிற அதே பொறுமையோடு பார்த்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து சட்டையில் விழக் கூடாது என்று புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

“இல்லக்கா” என்றாள்.

“பாக்கெட்ல பாரு. உள்பக்கம் பாரு.”

பார்த்தாள். “பிளாஸ்டிக் நாத்தம்தான் அடிக்குது. துணி நமுத்துப்போன வாசன. மாஸ்டரு இல்லக்கா.”

எனக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. ஒரு பொய் சொன்னால் என்ன குறைந்துபோகும் பாவிக்கு? உப்பில் சொன்னாளே, அத்தனை மாசம் சொன்னாளே. ‘லேசா பெருங்காயம் கீதுக்கா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், சாகிற வரைக்கும் அதை வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். அவளைக் கட்டிக்கொண்டு, செத்த வீட்டில் அழாத அழுகையை எல்லாம் அன்றைக்கு அழுதேன். அவரைக் கொண்டுபோன அன்று நான் தனியாகத்தான் இருந்தேன், கட்டிக்கொண்டு அழ ஆள் இல்லை. அவளும் அழுதாள். ஒருமுறைகூடத் தான் சொன்னதை மாற்றிச் சொல்லவில்லை.

அவள் போன பிறகு சட்டையைச் சோப்புப் போட்டுத் துவைத்து, மாடிக் கொடியில் உலர்த்தினேன். காற்றில் அது கையை ஆட்டிக்கொண்டிருந்தது. பார்க்க முடியாமல் இறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் கிச்சனில் சமையல் முடிந்தது. அவள் சாம்பாரைப் புறங்கையில் விட்டு நக்கிப் பார்த்து, “சரியா கீதுக்கா” என்றாள். வழக்கம்போல எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் அண்டாவை விட்டு ஒரு எட்டு பின்னால் போனேன். சுவரில் சாய்ந்துகொண்டு, “நீயே சொல்லு” என்றேன்.

“இன்னாக்கா?”

“ஏத்தச் சொல்லு. இனிமே நீதான் சொல்லணும். நான் சொன்னா அது பொய்யி.”

சோற்று அண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிட்டார். அவள் என்னைப் பார்த்தாள், அண்டாவைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, “ஏத்து” என்றாள். வாய்க்குள்ளேயே முனகினாள்.

“இன்னும் சத்தமா சொல்லு. வெளிய வண்டிக்காரருக்குக் கேக்க வாணாமா?”

“ஏத்து!” என்று கத்தினாள்.

அது அவர் குரலும் இல்லை, என் குரலும் இல்லை. அண்ணன் குனிந்து அண்டாவின் ஒரு காதைப் பிடித்தார். இன்னொரு காதைப் பிடித்து நான் தூக்கினேன்.